அடித்துப்போட்ட மாதிரி

எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே ஒஸ்லோவுக்கு வந்த பிறகுதான் தெரியவந்தது. அதற்கு முன்னர் அது சட்டைக்குள் சும்மா கிடந்தது. முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, மற்றவர்களின் முதுகுகளைத் தூக்கிப் புரட்டிக் கழுவித் துடைத்துக் கிரீம் பூசிய வருடங்களில் என்னுடையதும் மெல்ல வாய் திறந்தது. இப்போது எனக்கு அறுபது நெருங்குகிறது. அது வாய் மூடுவதே இல்லை.

நாங்கள் இருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலில் நகரத்துக்குப் போய், அங்கே நிலத்தடி ரயிலுக்கு மாறி, ட்வெய்ட்டாவில் இறங்கி, கொஞ்சத் தூரம் மேடேறினால் வேலைத்தலம். பனிக்காலத்தில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. சப்பாத்துக்கு அடியில் ஐஸைக் கவ்வும் இரும்பு முள் மாட்டிக்கொண்டு, விழாமல் போய்ச் சேரவேண்டுமே என்று நிலத்தைப் பார்த்தபடி நடப்பதிலேயே பாதிச் சீவன் போய்விடும். ரயிலில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. வந்த புதிதில் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. இப்போது அதுவே பெரிய உபகாரம். வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொள்ளலாம்.

நோவென்று டொக்டரிடம் போனால் தண்ணீர் குடியுங்கள், நடவுங்கள், பனடோல் போடுங்கள் என்பார். நாள் முழுக்க நடக்கிறவளைப் பார்த்து நடக்கச் சொன்னால் கோபம் வராதா? எனக்கு வரும். ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டும். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சீனத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான். அவளுடைய நோர்வேஜியனும் என்னுடைய நோர்வேஜியனும் ஒரே வகுப்பில் பெயில் விட்ட இரண்டு பிள்ளைகள் போல ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொள்ளும். ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் நிற்கிறேன், கொக்கியில் தொங்கும் ஜாக்கெட்டை எடுக்கக் கை மேலே எழும்பவில்லை. அவள் வந்து என் தோளை ஒரு அமுக்கு அமுக்கினாள். பிறகு நோர்வேஜியனில் சொன்னாள்: “நிறையக் காற்று.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை டொக்டர்மாரிடம் நான் இதைச் சொல்லப் பார்த்திருப்பேன்! முதுகில் வாய்வு பிடித்திருக்கிறது, காற்றுப் புகுந்துவிட்டது என்றால், வயிற்றைத் தட்டிப் பார்த்து, முட்டைக்கோவா சாப்பிட வேண்டாம் என்பார்கள். முதுகுக்குள் காற்றுப் போய் அடைத்துக்கொள்ளும் என்பது வெள்ளைக்காரருக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது. அன்றைக்குத்தான் முதன்முதலாக இந்த நாட்டில் ஒருத்தி என் வருத்தத்தை நான் அறிந்த பெயரால் சொன்னாள். அதிலேயே பாதி சுகம் வந்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அவள் என்னைக் கதிரையில் திருப்பி இருத்தி, சட்டையைத் தூக்கச் சொல்லி, முதியவர்களுக்குப் பூசும் எண்ணெயைக் கழுத்தில் இருந்து தோள்வரை தடவினாள். தன் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். சூப் குடிக்கும் வெள்ளைப் பீங்கான் கரண்டி. அதைச் சரித்துப் பிடித்து, கழுத்தில் வைத்து, தோளை நோக்கி ஒரே இழுவையாக வழித்தாள். தோசை மாவுச் சட்டியைக் கடைசியில் வழிப்போமே, அந்த வழிப்புத்தான். மேலிருந்து கீழே மட்டும். கீழிருந்து மேலே திருப்பி இழுக்கவில்லை. முள்ளந்தண்டின் எலும்பைத் தொடாமல் அதன் இரண்டு பக்கமும். முதலில் சூடு. பிறகு எரிவு. அப்புறம் ஒரு இடம் வந்தது. அதில் கரண்டி படப்பட, நான் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சத்தம் போட்டேன்.

“மணல் வருது,” என்றாள் அவள் திருப்தியோடு. அவர்கள் மொழியில் இந்த வைத்தியத்தின் பெயர் குவா ஷா. குவா என்றால் வழிப்பது, ஷா என்றால் மணல் மாதிரி ஏறும் சிவப்பு என்று அவள் எனக்குச் சொன்ன விளக்கம். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். என் முதுகில் சிவப்பும் ஊதாவுமாகக் கோடு கோடாக, பொடிப் பொடியாக இரத்தம் தோலுக்குக் கீழே வந்து நின்றது. சுடுதண்ணீர் குடி, கழுத்தை மூடு, இன்றைக்குத் தலைக்கு முழுகாதே என்றாள். அது எங்கள் ஆட்களும் சொல்லுகிற பத்தியம்தான் என்பதால் மறுபேச்சில்லாமல் கேட்டேன். அன்று ரயிலில் தலை கவிழ்ந்து தூங்கி, ஹொல்ம்லியாவைத் தாண்டிப் போய் வேறெங்கோ இறங்கித் திரும்பி வந்தேன்.

இது உண்மையிலே வேலை செய்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் மகள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதுக்குப் பெரிசா ஆதாரம் ஒண்டும் இல்லை,” என்றாள். இருக்கட்டும். எனக்குத் தேவைப்பட்டது ஆதாரம் இல்லை, நித்திரை.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பேருடைய வேலை நேரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். அவர் விடிய முன்னர் போனால் நான் பின்னேரம் போவேன். நான் காலையில் போனால் அவர் வர இரவாகும். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் சந்திப்போம். “கறி இருக்கு, சூடாக்குங்கோ.” “ம்.” இதுதான் பல வருடங்களாக எங்கள் இல்லறத்தின் சாராம்சம். சண்டை இல்லை. சண்டை பிடிக்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அவர் இயல்பிலேயே கதை குறைந்த மனிதர். அதோடு நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் முன்னால் இருப்பவள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நான் பகிடியாகச் சொல்லுவேன். அதற்கும் “ம்” தான்.

அவர் என் முதுகைக் கண்டது தற்செயல். குளித்துவிட்டுச் சட்டை போடும்போது அறைக்குள் வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“ஆர் உமக்கு இப்பிடிச் செய்தது?”

குரல் மாறியிருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் இங்கே கண்டதில்லை. நான் சிரித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் கிட்ட வந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“காசு குடுத்து அடி வாங்கின மாதிரிக் கிடக்கு,” என்றார்.

“காசு குடுக்கேல்லை. சும்மா செய்துவிட்டவள்.”

“அப்ப இன்னும் மோசம்.”

பிறகு சீனத்தி எனக்கென்று ஒரு கரண்டி கொண்டுவந்து தந்தாள். தன் முதுகைத் தானே வழிக்க முடியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவரைப் பிடித்து இருத்தி, எப்படிச் சரித்துப் பிடிப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்று காட்டிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் கண்ணாடிப் பாத்திரம் துடைப்பது போலத் தொட்டும் தொடாமலும் இழுத்தார். “அழுத்துங்கோப்பா, நான் உடைஞ்சு போகமாட்டன்,” என்று அதட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. பாரமான ஸ்டியரிங்கை வருடக்கணக்காகப் பிடித்த கை. பிடித்துக்கொண்டால் ஒரே சீர். எங்கே காற்று அடைத்திருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு இழுவைக்கும் “நோகுதோ?” என்று கேட்பார். நல்லெண்ணெய் வாசம் அறை முழுக்க இருக்கும். படுக்கை விரிப்பெல்லாம் எண்ணெய்க் கறை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அவர் கதைக்கத் தொடங்கினார். முகத்தைப் பார்த்தால் வராத கதையெல்லாம் முதுகைப் பார்த்து வந்தது. நாளாந்தம் ஒரே பஸ் தரிப்பில் ஏறி அடுத்த தரிப்பிலேயே இறங்கும் கிழவரைப் பற்றி. பஸ்ஸுக்குள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு பனிக்குள் இறங்கிப் போன பொடியனைப் பற்றி. ஒருநாள், தான் முதல் முதலாக இந்த ஊரில் பஸ் எடுத்தபோது வழி பிழைத்து ஹவுகெட்டோவில் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திய கதையைச் சொன்னார். கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் அதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு முதுகுக்குப் பின்னால் கதைக்கிறவர்களைப் பிடிக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் முதுகுக்குப் பின்னால் கதைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தேன்.

போன பனிக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் நன்றாக வழித்துவிட்டும் விடவில்லை. அடுத்தநாள் இருமலும் சேர்ந்துகொண்டது. வேலைக்குக் கொடுக்க சீக்மெல்டிங், அதுதான் சுகவீன விடுப்புக்கு டொக்டர் தரும் கடிதம், எடுக்க வேண்டும். அவருக்கு அன்று ஓய்வு. வழியெல்லாம் ஐஸ், தனியே போய் விழவேண்டாம் என்று கூட வந்தார். டொக்டரின் அறைக்குள்ளும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

டொக்டர் இளம் பெண். நல்ல மனுஷி. என்ன செய்கிறது என்று கேட்டார்.

நாங்கள் இதற்கு என்ன சொல்லுவோம்? காய்ச்சல், களைப்பு, வேலைக் கனதி எல்லாம் சேர்ந்து கை கால் அசைக்க முடியாமல் கிடந்தால் என்ன சொல்லுவோம்? “உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரிக் கிடக்கு.” வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. நல்ல நாளில் எனக்கு நோர்வேஜியன் ஓரளவு வரும். காய்ச்சலில் தமிழ் முன்னுக்குப் போக, நோர்வேஜியன் பின்னால் மூச்சிரைக்க ஓடும். நான் சொன்னது டொக்டரின் காதில் இப்படி விழுந்தது: “என் முழு உடம்பும் அடிக்கப்பட்டிருக்கிறது.” மாதிரி என்ற சொல்லை வழியில் எங்கேயோ விழுத்திவிட்டேன். மூன்றே மூன்று எழுத்து.

டொக்டர் நெஞ்சைச் சோதிக்க வேண்டும் என்று எழும்பி வந்து, பின்பக்கம் சட்டையைத் தூக்கினார். முதல்நாள் வழித்த கோடுகள். காய்ச்சல் உடம்பில் மணல் நன்றாக ஏறும் என்று சீனத்தி சொல்லியிருக்கிறாள். அன்று கருஞ்சிவப்பாக, விலா எலும்பு வரிசையாக, கழுத்திலிருந்து இடுப்புவரை நின்றிருக்கும். குழாயின் குளிர்ந்த வாய் என் முதுகில் படும் என்று காத்திருந்தேன். படவில்லை. சட்டையை மெல்ல இறக்கிவிட்டார். பிறகு என் கணவரைப் பார்த்து மிக மரியாதையாக, கொஞ்ச நேரம் வெளியில் இருக்க முடியுமா என்று கேட்டார்.

அவர் எழும்பினார். மடியில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

நோர்வேஜியனில் பாதுகாப்பாக இருப்பதற்கு ட்ரிக் என்று ஒரு சொல் இருக்கிறது. வந்த புதிதில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ வீட்டில் ட்ரிக்காக இருக்கிறாயா என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, டொக்டர் கைக்குட்டைத் தாளை நீட்டினார். அந்தக் கண்ணீர் வேறு காரியத்தைக் கெடுத்தது. நான் கரண்டி என்றேன், எண்ணெய் என்றேன், சீனா என்றேன், காற்று என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். பிறகு இன்னும் ஒரு விதமாக. கடைசியில் தானும் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்விக்காகவே வருடக்கணக்காகக் காத்திருக்கும் பெண்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கேட்கத்தான் வேண்டும்.

வெளியில் என் கணவர் இரண்டு கையையும் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே விட்ட பிள்ளை போல இருந்தார்.

“என்ன கேட்டவ?”

“நீங்கள் எனக்கு அடிக்கிறனீங்களோ எண்டு கேட்டவ.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓம், ஞாயிற்றுக்கிழமையளிலை மட்டும் எண்டு சொன்னனான்.”

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். வீடு வரை என் முழங்கையைப் பிடித்து, ஐஸில் வழுக்காமல் கூட்டிவந்தார். அத்தோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கிழமையே மகள் வந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பார்னஹாகேயில், சின்னப் பிள்ளைகள் பகலில் இருக்கும் இடத்தில், ஆசிரியை. எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. புட்டு அவித்து, மூன்று பேரும் மேசையில் இருந்தபோது நான் டொக்டர் கதையை எடுத்துவிட்டேன். எனக்குக் கதை சொல்ல நன்றாக வரும். டொக்டரின் முகத்தையும் அப்பாவின் தொப்பியையும் நடித்தே காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நோர்வேஜியனிலும் நாங்கள் சொல்லுவது போல ஒரு சொல் இருக்கிறதாம், மொர்பாங்கெட். இறைச்சியை மெதுவாக்க அடிப்பது. களைத்துப்போனால் அப்படிச் சொன்னால் சரியாம். “அதைச் சொல்லியிருந்தால் அப்பா வெளியிலை போயிருக்கத் தேவையில்லை,” என்றாள். அவரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்.

கோப்பைகளைக் கழுவ நான் சமையலறைக்குப் போக, மகள் பின்னால் வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

“அம்மா, நான் ஒண்டு கேக்கிறன். கோவிக்காதேங்கோ.”

“என்ன?”

“நீங்கள் வீட்டிலை ட்ரிக்கா இருக்கிறீங்களோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கென்ன விசரே? உன்ரை அப்பாவைப் பற்றியோ கேக்கிறாய்? உன்னை ஒருநாள் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பாரே அந்த மனுசன்?” கையில் இருந்த கோப்பையைத் தொட்டிக்குள் போட்டேன். நல்ல காலம், உடையவில்லை.

அவள் அசையவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் குரல் வேலைக் குரலாகவே இருந்தது. “எனக்குத் தெரியும் அம்மா. ஆனா நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள். எங்கடை பார்னஹாகேப் பிள்ளையளின்ரை அம்மாமாரும் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவினம். நான் மற்ற ஆக்களிட்டைக் கேட்டுப்போட்டு உங்களிட்டைக் கேக்காமல் விடேலாது.”

“ஓம், நான் நல்ல ட்ரிக்கா இருக்கிறன்,” என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடிக்கும்போது அவள் கை என் முதுகில் படாமல் இடுப்பைச் சுற்றியது. நாங்கள் வெளியே வந்தபோது அவர் வாசல் நடையில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். எங்கள் வீட்டில் குப்பை போடுவது எப்போதும் அவர் பொறுப்புத்தான். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு போனபோது, தனக்கு மணிக்கட்டு நோகிறது என்றார். அதற்கடுத்த கிழமை யாருக்கோ பதிலாக வேலைக்குப் போக வேண்டும் என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தானே கேட்டு எடுக்கத் தொடங்கினார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து பார்த்தால் கரண்டியைக் காணவில்லை. எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. களைத்துப்போனவர்களின் வீட்டில் பல விஷயங்கள் கேட்கப்படாமலே பழசாகிப்போகும். குளிர்சாதனப் பெட்டியும், “கறி இருக்கு,” “ம்” என்பதும் திரும்பி வந்தன.

முதுகுக்கு என்ன, நான் சீனத்தியிடம் போனேன். அவள் உடுப்பு மாற்றும் அறையில் வைத்து வழித்துவிட்டாள். கெட்டிக்காரக் கை. கணவர் கை என்ன ஆயிற்று என்று கேட்டாள். நோகிறதாம் என்றேன். காற்று என்றாள் அவள். அவள் வழித்தால் தோள் இலேசாகும், நித்திரையும் வரும். ஆனால் அவள் கதைக்கமாட்டாள், கதைத்தாலும் அது நான் காத்திருந்த கதை இல்லை. ரயிலில் இருந்தபடி ஒருநாள் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். “அந்த டொக்டர் கேட்டதுக்கு நீங்கள் ஏன் என்னைத் தண்டிக்கிறீங்கள்?”

“டொக்டருக்கு என்ன? அவ தன்ரை வேலையைச் செய்தவ,” என்றார். தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு அங்கால் போய்விட்டார்.

பனி உருகிச் சேறாகும் நேரத்தில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பஸ் கதவு திறந்து திறந்து மூட, அந்தக் குளிர் நேரே கழுத்தில்தான் அடிக்கும். காலையில் எழும்பியபோது தலையை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. கண்ணாடியைப் பார்க்க முடியாமல் பஸ் ஓட்ட முடியுமா? டொக்டரிடம் போவோம் என்றேன். வேண்டாம் என்றார், அந்த ஒரு சொல்லை மட்டும் உடனே சொன்னார். சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தேன், தைலம் பூசினேன். மத்தியானமாகியும் கழுத்து மரக்கட்டையாகவே நின்றது.

“கரண்டி இருந்தால் நானாவது வழிச்சுவிடுவன்,” என்றேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “இடியப்ப உரலுக்குப் பின்னாலை கிடக்கு.”

அலமாரியின் மேல்தட்டில், நான் தொடவே தொடாத இடம். கடையில் அவித்த இடியப்பம் வாங்கத் தொடங்கிய நாளில் இருந்து அந்த உரல் அங்கே தூங்குகிறது. அதன் பின்னால், ஒரு பழைய பெனியன் துணியில் சுற்றி, கரண்டி பத்திரமாக இருந்தது. எறியவில்லை.

அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றினேன். மற்றவர்களின் முதுகையெல்லாம் நாள்தோறும் கழுவுகிறவள், இந்த முதுகை நான் ஒழுங்காகப் பார்த்து எவ்வளவு காலமோ தெரியாது. நரைத்த மயிர். இடுப்புக்குக் கிட்ட, பஸ் இருக்கையில் இருந்து இருந்து தோல் தடித்த இடம். வயதாகிவிட்டது அவருக்கு, எனக்குத் தெரியாமல். எண்ணெய் பூசி, கழுத்தில் இருந்து வழித்தேன். மணல் உடனே ஏறியது. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டா இந்த மனுசன் பேசாமல் திரிந்தது! கொஞ்சம் கோபமும் இருந்தது; அதையும் சேர்த்து அழுத்தினேன்.

“நோகுதோ?”

“ம்.”

இன்னும் வழித்தேன். முதுகு முழுக்கக் கோடு கோடாகச் சிவந்து, என் முதுகு போலவே ஆனது. தலையணைக்குள் முகத்தை வைத்தபடி அவர் சொன்னார்:

“இனி மகள் என்னையெல்லோ குசினிக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டுக் கேக்கோணும்.”

என் கை நின்றுவிட்டது. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. மகள் வந்த அன்று வாசல் நடையில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இத்தனை நாளும் நான் டொக்டரை நினைத்துக்கொண்டிருக்க, அவர் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் கைகளோடு பஸ் ஓட்டியிருக்கிறார்.

“அவள் உங்களை நம்பாமல் கேக்கேல்லை,” என்றேன்.

“தெரியும். அவள் கேட்டது பிழையில்லை.” கொஞ்சம் மூச்சு விட்டார். “நான் கேட்டதுதான் பிழை.”

அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். சூடாக இருந்தது.

பிறகு அவர் மெல்ல எழும்பி இருந்து, தலையை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். முழுக்கத் திரும்பவில்லை, ஆனால் அசைந்தது. என் கையில் இருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“திரும்பும்,” என்றார்.

நான் திரும்பி இருந்தேன். எண்ணெய் பட்டது. கரண்டி பட்டது. கழுத்தில் இருந்து தோளுக்கு ஒரு இழுவை, மீண்டும் ஒரு இழுவை. நாளாந்தம் அடுத்த தரிப்பில் இறங்கும் அந்தக் கிழவரை இப்போது காணவில்லை என்றார். என்னவாயிற்றோ தெரியாது, அந்தத் தரிப்பில் ஆளில்லாவிட்டாலும் ஒருதரம் கதவைத் திறந்து மூடிவிட்டுப் போகிறேன் என்றார். நான் ம் சொல்லிக்கொண்டு கேட்டேன். வாரக்கணக்காகப் பசித்திருந்தவள் போலக் கேட்டேன்.

“கொஞ்சம் அழுத்துங்கோ,” என்றேன்.

“அழுத்துறன்தானே,” என்றார்.

முடிந்ததும் குளியலறைக்குப் போய், கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் மினுங்கியது. தோல் அப்படியே இருந்தது. ஒரு கோடும் இல்லை, ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை.

“என்னப்பா, சிவந்திருக்கே?” என்று வெளியில் இருந்து கேட்டார்.

“ஓம், நல்லாச் சிவந்திருக்கு,” என்றேன். “காத்தெல்லாம் போயிட்டுது.”